இருண்ட கதைகளின் ஈர்ப்பு

நேரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் கொடூரத்தை, புத்தகத்தில் என்றால் பலர் தூக்கத்தையும் தள்ளிவைத்துப் படிக்கிறார்கள். மெய்யியலில் இது பழைய புதிர். பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் லியோன்டியஸ் என்பவன் ஏதென்ஸ் மதிலோரம் மரண தண்டனை பெற்றவர்களின் பிணங்களைக் காண்கிறான். முகத்தை மூடிக்கொண்டு போராடுகிறான். கடைசியில் தோற்று ஓடிப்போய்ப் பார்க்கிறான், தன் கண்களையே ஏசியபடி.

துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் கிளறி, அவற்றுக்கு வடிகாலும் ஆகிறது என்றார் அரிஸ்டாட்டில். வடிகாலா, தூய்மையாக்கலா என்று அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். புனித அகஸ்டினின் கேள்வி இன்னும் கூர்மையானது: உதவிக்குப் போக வழியில்லாத இரக்கம், அழுது இன்புறும் இரக்கம், என்ன இரக்கம்?

கொடூரத்தைக் காட்டத் தமிழ் மரபு கூசவில்லை. அச்சத்தையும் இளிவரல் எனும் அருவருப்பையும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உணர்ச்சி வெளிப்பாடுகளில், சேர்த்தது தொல்காப்பியம். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் மாண்ட வீரர்களின் பற்களை அரிசியாக்கி, போர்முரசை உரலாகவும் யானைத் தந்தத்தை உலக்கையாகவும் கொண்டு குற்றிக் கூழ் காய்ச்சுகின்றன. குமட்ட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது; அதைப் பாடிய செயங்கொண்டாரின் சாமர்த்தியம் அது.

பேய்க்கூழ் கற்பனை. உண்மைக் குற்ற நூல்களில்தான் அகஸ்டினின் கேள்வி உறுத்துகிறது. அமெரிக்காவின் கான்சாஸில் 1959இல் ஒரே குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டதை ட்ரூமன் கபோட் நாவல்போல் எழுதினார். கொலையாளிகள் இருவரும் 1965இல் தூக்கிலிடப்பட்ட பின்பே, 1966இல், அது புத்தகமாக வந்தது. கதை முடிய அவர்களின் மரணம் தேவைப்பட்டது. வாசகரும் அந்த முடிவுக்காகவே பக்கம் புரட்டினர்.