தீவும் கரையும்

ஸ்விட்சர்லாந்தின் பீல் ஏரியில் புனித பீட்டர் தீவு என்றோர் அமைதியான இடம் உண்டு. வட கரையிலுள்ள திராட்சைக் கிராமங்களில் படகேறினால் சிறிது நேரத்தில் அதன் துறையை அடைந்துவிடலாம். காலையில் சென்று மாலையில் திரும்புவோரே அங்கு மிகுதி. ஓக் மரங்கள், நாணல், நீர்ப்பறவைகள், பழைய துறவியர் மடம் ஒன்று. அது இன்று விடுதி. பார்ப்பதற்கு வேறு அதிகமில்லை. அந்த இல்லாமையை நாடியே மக்கள் வருகின்றனர்.

வீட்டில் நோயுற்ற தாயையோ, முடியாத பணியையோ விட்டு வந்தவனுக்குப் படகு கரையை விட்டு நகரும் கணத்தில் நிம்மதி பிறக்கிறது. உடனே ஓர் உறுத்தலும் எழுகிறது. பிறர் கரையில் உழன்றுகொண்டிருக்கும்போது ஒருவன் தனக்கென ஒரு நாள் அமைதியை எடுத்துக்கொள்வது தகுமா? இது அற்பமான கேள்வி அன்று. இத்தீவிலேயே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1765 செப்டம்பரில் தத்துவ அறிஞர் ரூசோ இங்கு வந்து சேர்ந்தார். 1762-இல் வெளிவந்த அவருடைய நூல்கள் பாரிஸிலும் ஜெனிவாவிலும் கண்டிக்கப்பட்டிருந்தன. அடைக்கலம் புகுந்த மோத்தியே கிராமத்திலும் அவர் வீட்டின்மீது இரவில் கற்கள் வீசப்பட்டன. தீவில் அவர் தங்கியது சுமார் ஆறு வாரங்கள். கொண்டுவந்த நூற்பெட்டிகளைத் திறக்கவே இல்லை. செடிகொடிகளை ஆராய்ந்தார், பழம் பறிப்போருடன் சேர்ந்து பழம் பறித்தார், ஏரி நடுவில் படகில் மல்லாந்து படுத்து, நீர் போன போக்கில் தம்மை விட்டுவிட்டார். அலையோசை ஒன்றே செவியில் விழ, கடந்தது வருவது எதையும் எண்ணாமல், 'இருக்கிறேன்' என்ற உணர்வு மட்டுமே எஞ்சி நின்றதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். பார்வையாளர் தேடி வந்தால் அறையின் தரையிலிருந்த இரகசியக் கதவு வழியே இறங்கி மறைந்துவிடுவாராம். அக்கதவை இன்றும் காட்டுகிறார்கள். பெர்ன் அரசு வெளியேறுமாறு ஆணையிட்டபோது, ஆயுள் முழுவதும் தம்மை அத்தீவிலேயே சிறை வைக்கும்படி நிடாவ் நகரத்து அதிகாரிக்கு எழுதி வேண்டினார். அது ஏற்கப்படவில்லை.

இதே ரூசோ தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அநாதை இல்லத்தில் விட்டவர். தீவுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஒரு துண்டு நூல் அச்செய்தியை ஊரறியச் செய்திருந்தது. எனவே அவர் கண்ட அமைதி வெறும் தப்பித்தல் என்று தீர்ப்பளிப்பது எளிது. அத்தீர்ப்பு அவசரமானது. குற்றமுள்ள மனமும் ஒரு மாலைப்பொழுதில் உண்மையாகவே அடங்கக்கூடும், அடங்கியது பொய்யாகிவிடாது. ஆனால் அவ்வமைதி அவரைக் குழந்தைகளிடம் திருப்பி அனுப்பவும் இல்லை. அமைதியைப் பற்றிக் கேட்க வேண்டியது அதன் ஆழத்தை மட்டும் அன்று, அதன் திசையையும்தான்.

ரூசோ இதை அறியாதவர் அல்லர். இத்தகைய நிலை எல்லார்க்கும் நல்லதன்று, கடமைகள் அழைக்கும் வாழ்வில் அது சலிப்பையே உண்டாக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மனித சமுதாயத்திலிருந்து வெட்டி எறியப்பட்டு, பிறர்க்கு எந்த நன்மையும் செய்ய இயலாதவனுக்கே அது ஈடு என்கிறார். தமக்கு எந்தக் கடமையும் எஞ்சவில்லை என்று அவர் கருதியதுதான் வேதனை.

ரூசோ விண்ணப்பம் அனுப்பிய நிடாவில், அடுத்த நூற்றாண்டில் யோஹான் ருடால்ஃப் ஷ்னைடர் என்ற மருத்துவர் இருந்தார். ஆரே ஆறு பெருகும்போதெல்லாம் அச்சமவெளி மூழ்கியது, வயல்கள் சதுப்பாயின, காய்ச்சல் பரவியது. நோயாளியின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, நீரையே திருத்த வேண்டும் என்று அவர் பல பதிற்றாண்டுகள் வாதாடினார். பொறியாளர் லா நிக்காவின் திட்டப்படி 1868-இல் வேலை தொடங்கியது. 1878-இல் ஆரே ஆறு பீல் ஏரிக்குள் திருப்பப்பட்டது. ஏரியின் வடிகால் ஆழப்படுத்தப்பட்டது. ஷ்னைடர் 1880-இல் மறைந்தார். பணி 1891-இல் நிறைவுற்றது.

ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இறங்கியது. நீருக்கடியில் கிடந்த ஒரு நிலத்திட்டு மேலெழுந்து தீவைக் கரையோடு இணைத்தது. ரூசோ முயல்களைக் கொண்டுபோய் விட்டு மகிழ்ந்த குட்டித் தீவும் அதனோடு சேர்ந்துகொண்டது. பெயரில் மட்டுமே இன்று அது தீவு; உண்மையில் தீபகற்பம். கரையில் வாழ்ந்தோரின் துயர் நீங்கியதற்குத் தீவு தன் தனிமையில் ஒரு பங்கை விலையாகக் கொடுத்தது. ஆயினும் அமைதி குறைந்துபோயிற்று என்று அங்கு வருவோர் சொல்வதில்லை.

ஆகவே, மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டவர் இன்று கலங்க வேண்டியதில்லை. இருபுறமும் நாணல் நிற்க, மேலெழுந்த அந்தத் திட்டின்மீது நேராக நடந்தால் எர்லாக் ஊர் வந்துவிடும். அதற்குத் தெற்கே, ஒரு காலத்தில் சதுப்பாய்க் கிடந்த நிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் காய்கறி வயல்கள்.