பள்ளத்தாக்கின் குடிகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் முறைவைத்து மோதினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அத்தனை பேரும் ஆசைப்பட்ட அந்த ஆழம் துறைமுக வாயிலோடு முடிந்துவிடவில்லை. மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவிலிருந்து அது கடலடிப் பள்ளத்தாக்காக இறங்கி, 3,000 மீற்றருக்கும் கீழே போகிறது. நடுச் சமுத்திரத்தில் தேட வேண்டிய உயிர்கள் இங்கே கரையோரம் வருகின்றன. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்தே திமிங்கிலம் மூச்சுவிடுவதைப் பார்க்கலாம்.

ஒரே பள்ளத்தாக்கில் இத்தனை இனங்கள் கூடியிருப்பதை ஒற்றுமை என்று அழைக்க நமக்கு ஆசை. மூன்று சமூகத்தார் சோதனைச் சாவடிகளுக்கிடையே வாழப் பழகிய ஊரில் அந்த ஆசை விளங்கிக்கொள்ளக்கூடியதே. கீழே நடப்பது அதைவிட உணர்ச்சி குறைந்த ஏற்பாடு. பகலெல்லாம் இருட்டில் கிடக்கும் சிறு மீனும் கணவாயும் பொழுது சாய்ந்ததும் மேலே ஏறுகின்றன. ஏறிவரும் சிறு மீன்களைச் சுழல் டொல்பின்கள் கூட்டமாய்ப் பிடிக்கின்றன. ரிஸ்ஸோ டொல்பினுக்குக் கணவாய். ஆள் நீளத்தைவிடச் சற்றே பெரிய குள்ள ஸ்பேர்ம் திமிங்கிலமும் கணவாய்க்குத்தான் போகிறது, ஆனால் ஆழத்துக்கு, ஆரவாரமில்லாமல். நேரமும் ஆழமும் இரையின் அளவும் விலகியிருப்பதால் மோதல் குறைகிறது, அவ்வளவே. பொய்க் கொலைத் திமிங்கிலம் மற்ற டொல்பின்களைத் தின்பதும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் விலகிப்போக முடியாத பங்காளி ஒருவர் இருக்கிறார். சூரை தேடிப் போகும் மீனவர் செவுள் வலையை மிதக்கவிடுவதும் அதே இரவில், இரை ஏறிவரும் அதே நீரில்தான். டொல்பின் சிக்கினால் வலை கிழியும், நட்டம் அவருக்கு.

சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. அது தடுத்தது வணிக வேட்டையை. வலைக்கு அந்த அறிவிப்பில் வேலையில்லை. 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட் குழுவினர் ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் இந்தக் கடலை ஆராய்ந்தார்கள். பெரிய திமிங்கிலங்களை உயிரோடு பார்த்தார்கள். சிறியவற்றைப் பற்றி அபிகெயில் அல்லிங் போன்றவர்கள் திரட்டிய செய்திகளிலோ கணிசமான பங்கு, வலையில் மூச்சடைத்துச் செத்து மீன் இறங்குதுறைக்கு வந்த உடல்கள் தந்தது. யார் யார் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதை நாம் பெரிதும் இறப்புப் பதிவேட்டிலிருந்தே அறிந்துகொண்டோம்.

பிறகு உள்நாட்டுப் போர். இரவுக் கடலுக்குத் தடை விதிக்கப்பட்ட காலங்களில் வலைகள் கரையிலேயே கிடந்தன. மீனவர் அடுப்பு எரியாத அந்த இரவுகளைக் கடலுக்குக் கிடைத்த ஓய்வென்று சொல்ல மனம் வரவில்லை.

கடற்பாலூட்டிகளைக் கொல்வது இன்று சட்டப்படி குற்றம். நல்ல சட்டம்தான். அது வந்தபின் உடல்கள் துறைக்கு வருவது குறைந்தது. சில கடலிலேயே வெட்டப்பட்டுத் தூண்டிலுக்கு இரையாகின்றன. குறைந்தது சாவா, கணக்கா என்பதை வலை இழுப்பவர்தான் சொல்ல வேண்டும். வாய் திறந்தால் குற்றவாளியாகிவிடும் ஒருவரிடம்தான் நாம் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.