மூன்றாம் இயல்

ஆய்வேட்டின் அச்செடுத்த தாள்கள் மேசையில். திரையில் வழுக்கிக்கொண்டு போகிற கண், தாளில் நிற்கிறது.

*

வாய்விட்டுப் படிக்கிறேன். ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு தீர்கிறது. வினைமுற்று இன்னும் வரவில்லை. மூச்சு நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.

*

'சோழர் காலத்தில் ஏரிகள் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டன.'

வாக்கியத்தில் ஆள் இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆள் உண்டு. ஏரி வாரியம். குடவோலையில் தேர்வான ஆறு பேர்.

எழுதுகிறேன்: 'உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட வாரியம் இருந்தது.'

தோள்கள் தளர்கின்றன.

*

'சிறப்பாக' மிஞ்சுகிறது.

கல்வெட்டு விதியைச் சொல்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று சொல்லவில்லை.

அடிக்கிறேன். பிடித்த சொல். லேசாக ஒரு வலி வருகிறது, இருக்கிறது, போகிறது.

*

மின்விசிறி சுற்றுகிறது. தாளின் ஓரம் எழுந்து எழுந்து படிகிறது.

*

பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் எழுதுகிறேன். ஒன்றன்கீழ் ஒன்றாக. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றையே சொல்கின்றன. வாதம் அங்கே நகராமல் நிற்கிறது.

இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது போக வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

*

நெறியாளர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். பதில் சொல்ல மனம் முந்துகிறது. பேனா காத்திருக்கிறது. பத்தியை மறுபடி படிக்கிறேன், அவர் கண்ணால்.

*

மேற்கோள். மூல நூலைத் திறந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறேன். ஒற்று. புள்ளி. பக்க எண். இங்கே எண்ணம் எதுவும் இல்லை. கண்ணும் விரலும் மட்டும்.

*

'எனலாம்', 'எனக் கருதலாம்', 'எனவும் கொள்ளலாம்.' ஒரே பக்கத்தில் மூன்றும். சான்று மெலிந்த இடத்தில் ஒன்று இருக்கட்டும். மற்ற இரண்டும் பயம்.

பயத்தைப் பார்க்கிறேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

*

பழைய வரைவைக் கிழிக்கவில்லை. தேதி எழுதி, அடியில் வைக்கிறேன்.

*

மறுபடி கல்வெட்டுப் பாடம்.

முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. வாரியத்துக்கு வருகிறவரின் வயது 30க்கு மேல், 60க்குள்.

14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊர்ச் சபை விதியைத் திருத்துகிறது. 35க்கு மேல், 70க்குள்.

முதல் விதியைச் சபை அழிக்கவில்லை. இரண்டும் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன.