கல்லறை எப்போது இடிபாடாகிறது

இஸ்தான்புல்லிலிருந்து கிளம்பும் இரண்டு நாள் சுற்றுலாக்களில் நன்கு பழகிப்போன ஒன்று கலிப்போலியும் டிராயும் சேர்ந்தது. காலையில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் எஜெஆபாத் என்னும் சிறு துறைமுக ஊர் வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போர்க்களம்: முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கிய அன்சாக் விரிகுடா, கடற்கரை மயானம், லோன் பைன், துருக்கியரின் 57-ஆம் ரெஜிமென்ட் நினைவிடம், கடைசியாக சுனுக் பைர் குன்று. மாலையில் படகேறி டார்டனெல்ஸ் நீரிணையைக் கடந்தால் சனாக்கலேயில் இரவுத் தங்கல். மறுநாள் காலை டிராய். பல சமயம் ஒரே வழிகாட்டிதான் இரண்டையும் காட்டுகிறார். முதல் நாள் மயானத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றவர்கள் அடுத்த நாள் டிராயின் வாசலில் 1975-இல் செய்துவைத்த மரக்குதிரையின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் யாருக்கும் கூச்சம் தோன்றுவதில்லை.

கூச்சம் தோன்ற வேண்டுமா என்பது தத்துவக் கேள்வி. இரண்டுமே போரில் மனிதர் மாண்ட நிலம். 1915-இல் மாண்டவன் கிடக்கும் இடம் கல்லறை, மூவாயிரம் ஆண்டுக்கு முன் மாண்டவன் கிடக்கும் இடம் இடிபாடு என்று பயண அட்டவணை பிரித்துவிடுகிறது. ஏன் என்று சொல்வதில்லை. இருப்பவர்கள் இறந்தவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறார்களா, பட்டிருந்தால் அது எத்தனை காலத்துக்குச் செல்லும் என்பதற்கு விடை தெரிந்தால்தான் அந்தப் பிரிவினை சரியா தவறா என்று சொல்ல முடியும்.

கிரேக்க மெய்யியலில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு. மரணம் வந்தபின் உணர ஆளில்லை என்பது எபிகூரஸின் வாதம். அதை ஏற்றால் இறந்தவனுக்கு நன்மையும் இல்லை, அவமதிப்பும் இல்லை. கல்லறையில் காட்டும் மரியாதை முழுக்க இருப்பவர்களின் ஆறுதலுக்கானது. அரிஸ்டாட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. சந்ததியாரின் வாழ்வும் தாழ்வும் இறந்தவரைச் சிறிதளவாவது தொடும் என்று நிகோமாக்கிய அறவியலில் தயக்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். ஒரு மனிதனின் வாழ்க்கை நன்றாக அமைந்ததா என்ற கணக்கு அவன் மூச்சு நின்றதோடு முடிவதில்லை என்பது அதன் உட்பொருள். தர்க்கத்துக்கு எபிகூரஸ் வலுவானவராகத் தெரியலாம். ஆனால் அவரை முழுமையாக நம்பும் ஒருவர்கூட, லோன் பைனில் புல்வெளியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு அரிஸ்டாட்டிலிடம்தான் விளக்கம் இருக்கிறது.

மதங்கள் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து எடுக்கின்றன. இறைவழியில் கொல்லப்பட்டவர்களை இறந்தவர்கள் என்று எண்ண வேண்டாம், அவர்கள் இறைவனிடத்தில் வாழ்கிறார்கள் என்பது குர்ஆனின் போதனை. கலிப்போலிக்கு வரும் துருக்கியக் குடும்பங்கள் நினைவிடத்தின் முன் கையேந்தி ஃபாத்திஹா ஓதுவது இந்த நம்பிக்கையில்தான். ஆனால் கல்லறையைத் தேடிப் பயணம் போகலாமா என்பதில் இஸ்லாமிய அறிஞர்களுக்குள்ளேயே பிணக்கு உண்டு. மரணத்தை நினைவூட்டும் என்பதால் கல்லறைக்குப் போவது நல்லது என்றார் கஸ்ஸாலி. அதற்கென்றே பயணம் கட்டுவது கூடாது என்றார் 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா. கிறிஸ்தவத்திலும் இதே தகராறு உண்டு. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரெகோரி, இடம் மாறிப் போவதால் கடவுள் நெருங்கி வந்துவிட மாட்டார் என்று எருசலேம் யாத்திரையைக் கடிந்து கடிதம் எழுதினார். அவர் தாமே எருசலேமுக்குப் போய் வந்தவர்.

கலிப்போலியில் உருவான சடங்கு இந்தத் தகராறுகளைச் சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டது. அன்சாக் நாள் வழிபாட்டின் வடிவத்தை அமைத்ததில் பெரும் பங்கு பிரிஸ்பேனின் ஆங்கிலிக்கன் பாதிரியார் டேவிட் ஜான் கார்லண்டுக்கு உண்டு. இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாம் என்பது கத்தோலிக்க மரபு. கூடாது என்பது புராட்டஸ்டண்ட் மரபு. ஒரே கூட்டத்தில் இருவரையும் நிறுத்த வேண்டியிருந்தது. சில மணித்துளி மௌனம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது: ஜெபிக்கிறவர் ஜெபிக்கலாம், ஜெபிக்காதவர் சும்மா நிற்கலாம், அடுத்தவர் எதைச் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இறையியல் சங்கடத்திலிருந்து பிறந்த இந்த மௌனம் பிறகு தானே ஒரு புனிதப் பொருளாகிவிட்டது. ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் கென் இங்லிஸ் அன்சாக் மரபையே ஒரு குடிமைச் சமயம் என்று பார்த்தார்.

அந்தச் சமயத்துக்கு இரவு விழிப்பும் உண்டு. ஏப்ரல் 24 மாலையிலேயே வந்து சேரும் கூட்டம் வடக்குக் கடற்கரையில், 2000-இல் திறக்கப்பட்ட விழாத் திடலின் புல்தரையில் உறங்குபைக்குள் சுருண்டு குளிரில் விடியலுக்குக் காத்திருக்கிறது. நூற்றாண்டு விழாவான 2015-இல் 10,500 பேருக்கு மட்டுமே இடம் என்று வரம்பு வைத்துக் குலுக்கல் முறையில் அனுமதி தந்தார்கள். 2005-இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். விடியலுக்குக் காத்திருந்தவர்களின் பொழுதுபோக்குக்காகப் பெரிய திரையில் பாட்டுப் போட்டார்கள். அதில் பீ ஜீஸ் குழுவின் ‘ஸ்டேயின் அலைவ்’ ஒன்று. உயிரோடிருப்பதைக் கொண்டாடும் அந்தப் பாட்டைத் தேர்ந்தவருக்கு இடம் மறந்துபோயிருக்க வேண்டும். விடிந்தபின் திடல் முழுக்கக் குப்பை. ஆஸ்திரேலியாவில் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு, பெருகும் கூட்டத்துக்காக அன்சாக் விரிகுடாச் சாலையை அகலப்படுத்தியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டதாகச் செய்தி வந்து, ஆஸ்திரேலிய செனட் குழுவின் விசாரணை வரை போனது. இறந்தவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்ட பாதையே இறந்தவர்களைக் கிளறியது.

கண்டனம் செய்தவர்கள் பொதுவாக ‘யாத்திரை’, ‘சுற்றுலா’ என்று இரண்டாகப் பிரித்து, முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்தினார்கள். இந்தப் பிரிவினை நீண்ட நேரம் நிற்காது. யாத்ரிகனும் சாப்பிட்டாக வேண்டும், தூங்கியாக வேண்டும், சிரிக்கவும் செய்வான். 1926-இல் புனித பர்னபாஸ் சங்கம் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இழந்தவர்களைக் கப்பலில் கலிப்போலிக்கு அழைத்துப் போனது. அது குறைந்த கட்டணத்தில் ஏற்பாடான குழுப் பயணந்தான். மனநிலையை வைத்துப் பிரித்தாலும் பயனில்லை. ஒருவர் உள்ளத்தில் இருப்பது வழிகாட்டிக்கும் தெரியாது, பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாது. இறந்தவருக்குச் செலுத்த வேண்டியது ஒன்று இருக்குமானால் அது செயலில்தான் இருக்க வேண்டும்.

அந்தச் செயல் என்ன என்பதை இரண்டு களங்களுமே ஒரே மாதிரி காட்டுகின்றன. ஜான்ஸ்டன்ஸ் ஜாலி என்னும் இடத்தில் சாலையின் ஒரு பக்கம் ஆஸ்திரேலியரின் பதுங்குகுழி, மறுபக்கம் துருக்கியரின் குழி. இன்று பேருந்து நிற்கும் சாலை, அன்று எவரும் தலைகாட்ட முடியாத இடைநிலம். 1915 மே 19 அன்று துருக்கியப் படை இங்கே பெருந்தாக்குதல் நடத்தி ஏறக்குறைய 3,000 பேரை இழந்தது. பிணங்கள் வெயிலில் கிடந்தன. மே 24 காலை 7.30 முதல் மாலை 4.30 வரை சண்டையை நிறுத்தி, இரு தரப்பாரும் தத்தம் பிணங்களைப் புதைத்தார்கள். மாலையில் குழிக்குத் திரும்பி மறுபடி சுட்டுக்கொண்டார்கள். நாற்றமும் நோய்ப் பயமும் ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் ஹோமரின் இலியட் முடிவதும் இதே செயலில்தான். கிரேக்க வீரன் அக்கிலீஸ், டிராய் வீரன் ஹெக்டரின் உடலைத் தந்தை பிரியாமிடம் ஒப்படைத்து, ஈமச்சடங்கு முடியும்வரை போரை நிறுத்த இசைகிறான். பகைவனானாலும் பிணத்தைப் புதைக்க விட வேண்டும் என்ற அளவில் கடன் மிகக் குறுகியது, மிக உறுதியானது. கடவுள் நம்பிக்கை எதுவாயினும் செல்லுபடியாவது.

புதைத்தபின் எஞ்சுவது பெயர். பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம், பதவியும் பணமும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வகைக் கல் என்று விதித்தது. கலிப்போலியில் அவை தரையோடு சாய்ந்த குட்டைக் கற்கள். சிலுவையும் தனியே உயர்ந்து நிற்காமல் சுவரில் பதிந்திருக்கிறது. பல கற்களில் பெயரோடு, இவர் இந்த மயானத்தில் புதைக்கப்பட்டிருப்பதாக நம்பப்படுகிறது என்றும் பொறித்திருக்கிறார்கள். எந்த உடல் எங்கே என்று தெரியாத இடத்தில் இதைவிட நேர்மையாக எழுத முடியாது. 57-ஆம் ரெஜிமென்ட்டின் கல்லறைத் தோட்டம் 1992-இல் திறந்தது. அங்குள்ள பெயர்க்கற்கள் அடையாளத்துக்கு நட்டவை. ஒட்டோமான் தரப்பில் இறந்தோர் 80,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல் கிடையாது.

இந்தக் கடனுக்கு எதிரான குற்றம் குப்பை போடுவதல்ல, இறந்தவன் வாயில் சொல்லைத் திணிப்பது. இதில் டிராய்க்கு நீண்ட வரலாறு உண்டு. கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்துச் சென்ற செர்க்சிஸ் இங்கே ஏறி வந்து அத்தீனா தேவிக்கு ஆயிரம் மாடுகளைப் பலியிட்டான் என்று ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 334-இல் எதிர்த்திசையில் வந்த அலெக்சாந்தர் அதே தேவிக்குத் தன் கவசத்தைக் காணிக்கையாக்கினான். கி.பி. 214-இல் வந்த ரோமப் பேரரசன் காரகல்லா தன்னை அக்கிலீஸாகவே எண்ணிக்கொண்டான். அக்கிலீஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸாக ஒருவன் குறைந்தது. அந்தச் சமயம் அவனுடைய ஊழியன் ஃபெஸ்டஸ் இறக்க, காவியத்தில் உள்ளபடி சிதை அடுக்கி, சிதையில் போட முடிக்கற்றை அறுக்கத் தலையைத் தடவினான். தலையில் முடி அதிகம் இல்லாததால் பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்கிறார் ஹெரோடியன். கான்ஸ்டான்டினோப்பிளை வென்ற இரண்டாம் மெஹ்மத் 1462-இல் இங்கு வந்து, டிராய்க்காகப் பழிதீர்க்கும் உரிமையைக் கடவுள் தனக்கென்று வைத்திருந்ததாகச் சொன்னதாக கிரிட்டோபுலோஸ் பதிந்திருக்கிறார். எல்லாருக்கும் டிராயின் பிணங்கள் பயன்பட்டன. பிணங்களுக்கு இவர்களால் ஆனது எதுவுமில்லை.

வேறு மாதிரியான ஒரு வருகையும் உண்டு. 354-ஆம் ஆண்டுவாக்கில், பின்னாளில் பேரரசனான ஜூலியன் இளைஞனாக டிராய் வந்தபோது வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர் கிறிஸ்தவப் பேராயர் பெகாசியஸ். ஹெக்டரின் சிறு கோயிலில் பலிபீடம் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. வெண்கலச் சிலை எண்ணெய் பூசிப் பளபளத்தது. இங்கே பலி நடக்கிறதா என்று ஜூலியன் நோட்டம் பார்த்துக் கேட்டான். தங்கள் ஊரின் நல்ல மனிதனை ஊரார் போற்றுவதில் என்ன தவறு, நாங்கள் எங்கள் தியாகிகளைப் போற்றவில்லையா என்ற பொருளில் பதில் சொன்னார் பேராயர். அத்தீனா கோயில் கதவைத் திறந்து சிலைகளைக் காட்டியபோது, வழக்கமாகக் கிறிஸ்தவர்கள் செய்வதுபோல் நெற்றியில் சிலுவைக்குறி இடவில்லை என்று ஜூலியன் தன் கடிதத்தில் கவனித்து எழுதுகிறான். ஹெக்டருக்குத் தன் மதத்தையும் சுமத்தாமல், வந்தவனின் மதத்தையும் சுமத்தாமல், ஊராரின் மரியாதையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்த பெகாசியஸ் நல்ல வழிகாட்டிக்கு உதாரணம்.

இன்றைய வழிகாட்டிகளுக்கு இந்தச் சோதனை அன்சாக் விரிகுடாவிலேயே வருகிறது. அங்கே 1985-இல் நாட்டிய கல்லில், இங்கு விழுந்த அந்நிய வீரர்களைத் தன் மண்ணின் பிள்ளைகளாக ஏற்று அவர்களின் தாய்மாரைத் தேற்றும் வாசகம் துருக்கியத் தலைவர் அத்தாதுர்க் 1934-இல் எழுதியது என்று பொறிக்கப்பட்டது. நெகிழ்ச்சியான வாசகம், பலரை அழவைத்தது. ஆனால் அது அவருடையதுதான் என்பதற்கு 1934-ஐச் சேர்ந்த ஆவணம் கிடைக்கவில்லை என்று வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நல்ல நோக்கம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பகைவரின் தாய்மாருக்கு ஆறுதல் சொல்லும் உரிமை கொண்டவன் சொன்னால்தான் அது ஆறுதல்.

காலம் கடனைத் தீர்த்துவிடுமா? டிராய் புதைந்திருக்கும் ஹிசார்லிக் மேட்டில் ஒன்பது பெரும் அடுக்குகள் உள்ளன. அதன் நடுவே 1870-களின் தொடக்கத்தில் அகலப் பள்ளம் வெட்டிய ஹைன்ரிக் ஷ்லீமன், 1873-இல் எடுத்த பொன்னைப் பிரியாமின் புதையல் என்று அறிவித்தார். ஹோமரின் போர் நடந்திருக்கக்கூடிய காலத்துக்கு அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அதுவும் வாயில் சொல் திணித்ததுதான். பெயர் தெரியாத மக்களின் உடைமைக்குக் காவிய அரசன் உரிமையாளனானான். கி.மு. 1180-ஐ ஒட்டி எரிந்த அடுக்கில் கவண்கற்களும் சில மனித எலும்புகளும் கிடைத்தன. அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க இனி வழியில்லை. பெயர்க்கடன் அங்கே செலுத்த முடியாததாகிவிட்டது. தீர்ந்துபோனது என்று சொல்ல முடியாது. அவர்களைப் பற்றிப் பொய் சொல்லாமலிருக்கும் கடன் 1915-க்கும் கி.மு. 1180-க்கும் ஒன்றுதான். அந்த அளவில் கல்லறைக்கும் இடிபாட்டுக்கும் வேறுபாடு இல்லை.

நேரம் போதாமல் இரண்டு நாள் பயணம் பெரும்பாலும் தொடாத பகுதி ஒன்றுண்டு: தீபகற்பத்தின் தென்முனை. டிராயில் கரையிறங்கிய முதல் கிரேக்கனாகவும் முதல் பலியாகவும் புராணம் சொல்லும் புரொட்டெசிலாவோஸின் கல்லறையைப் பண்டையவர்கள் அங்கே எலாயூஸ் நகரில் காட்டினார்கள். ஆசியாவுக்குக் கடக்குமுன் அலெக்சாந்தர் பலியிட்டது அதில்தான். அருகில் ஹெல்லஸ் முனையில் 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய நினைவுத்தூண் நிற்கிறது. 1915 ஜூன் 4 தாக்குதலில் பெருமளவில் மாண்ட 14-ஆம் சீக்கியப் படையினரும், கூர்க்கா வீரர்களும், இந்திய ராணுவத்தின் பிறரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.