அழைப்பவர் யார்?

“மகளிர் பெருந்திரளாக நம் சங்கத்தில் சேர வேண்டும்!” தூத்துக்குடித் தொழிற்சங்க மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய முழக்கம் இது; நாமே முழங்கியதும் உண்டு. கைதட்டல் ஓய்ந்ததும், “அழைத்துப் பார்த்தோம், வரவில்லையே! அவர்கள் இயல்பு அப்படி” என்றொரு பெருமூச்சும் கேட்கும்.

இயல்பாம்! மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர் ஆடவர். ஆகவே கடலடி ஆணுக்கே உரியது என்று முடிவு கட்டிவிடலாமா? கொரிய நாட்டு ஜெஜு தீவில், மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுத்து வருவோர் பெண்கள். அம்மரபை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஆணின் இயல்பு, அங்கே பெண்ணின் இயல்பா? இயல்பன்று தோழர்களே, ஏற்பாடு!

உப்பளத்துக்குச் சென்று பாருங்கள். பொழுது புலருமுன் பெண்கள் அங்கே நிற்கிறார்கள். ஈர உப்பைக் கூடையில் ஏற்றி, வரப்பில் நடந்து, அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். பாதம் வெடிக்கிறது, கண் கூசுகிறது. வீடு திரும்பினால் தண்ணீர்க் குடமும் அடுப்பும் காத்திருக்கின்றன. நம் கூட்டமோ இரவு ஏழு மணிக்கு! தப்பித் தவறி வந்துவிட்ட ஒருத்திக்கு நாம் கொடுக்கும் பொறுப்பு என்ன? மாலை எடுத்துக் கொடுப்பது, முன்வரிசையில் அமர்வது. கணக்கேடும், முதலாளியோடு பேசும் நாற்காலியும் மட்டும் இடம் பெயர்வதில்லை.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நடந்ததை நினைவூட்டுகிறோம். அங்கே சங்கங்கள் இருந்தன, சந்தா கட்டிய பெண்களும் இருந்தனர், தலைவர்கள் ஆண்கள். போனசு குறைந்தபோது, பெரும்பாலும் தமிழரான அப்பெண்கள் அத்தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே தெருவில் அமர்ந்தனர். இருபது விழுக்காடு பெற்றனர். ‘பெம்பிளை ஒருமை’ என்று தமக்கே பெயரும் சூட்டிக்கொண்டனர். பெண்களுக்கு நாட்டமில்லை என்றவர்கள் அன்று எங்கே போய் நின்றார்கள்?

பிறரைச் சொல்வது எளிது. செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது 1929இல். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில், தீர்மானத்துக்குக் கை தட்டிய அண்ணன்மாருள் எத்தனை பேர் தங்கைக்குத் தாமாகவே பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்? கொடுக்காதே என்று எந்தச் சட்டம் கையைப் பிடித்தது?

கூட்டத்தை எந்த நேரத்தில் வைத்தால் வர இயலும் என்று உப்பளத்துப் பெண்களிடம் நாமும் இன்றுவரை கேட்டதில்லை.