திக்கற்ற பிள்ளையின் தாய்

1998ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், ஆந்திரத்து அனாதை இல்லம் ஒன்றிலிருந்து இரண்டு சகோதரிகள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கைக்குழந்தைகள் அல்ல, ஊர், உறவு, அம்மாவின் முகம் எல்லாம் மனதில் நிற்கிற வயது. தத்தெடுத்தவர் டேவிட் ஸ்மோலின், பர்மிங்காம் நகரத்து சாம்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். வீட்டில் ஏற்கெனவே ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். கணவன் மனைவி இருவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். காகிதங்களில் குறையே இல்லை. தாய் விட்டுக்கொடுத்ததற்குப் பத்திரம், நீதிமன்ற உத்தரவு, விசா என்று எல்லாம் வரிசையாக இருந்தன.

வந்த சில வாரங்களுக்குள் அந்தப் பெண்கள் வேறு கதை சொன்னார்கள். எங்களை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அம்மாவிடமிருந்து எடுத்து வந்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். ஸ்மோலின் தம்பதி விசாரிக்கத் தொடங்கினார்கள். தாயைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாயின் குடும்பத்தில் தகராறு, கையில் காசில்லை. பெண்களுக்குச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பித்தான் அந்த அம்மா இல்லத்தில் சேர்த்திருந்தார். நம் கிராமங்களில் “பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருக்கிறேன்” என்று சொல்கிற எந்தத் தாயும் தான் பிள்ளையைத் துறந்துவிட்டதாக நினைப்பதில்லை. ஆனால் அந்த ஹாஸ்டலின் பெயர்ப் பலகையில் ‘அனாதை இல்லம்’ என்று இருந்தால், உள்ளே போன பிள்ளை அனாதைதான்.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே வெளிநாட்டுத் தத்துக்கு நெறிகளை வகுத்துவிட்டது: பெற்றவரை மிரட்டியோ மயக்கியோ சம்மதம் வாங்கக் கூடாது, முதலில் உள்நாட்டிலேயே பெற்றோர் தேட வேண்டும் என்றெல்லாம். அதற்குப் பிறகும், 1999இலும் 2001இலும் ஆந்திரத்தில் தத்து நிறுவனங்களை நடத்தியவர்கள் கைதானார்கள். லம்பாடிப் பழங்குடியினரின் குடியிருப்புகளான தாண்டாக்களில் பெண் சிசுக்களைச் சொற்பத் தொகைக்கு வாங்கியதாகப் புகார். சென்னையும் விலக்கல்ல. 1999இல் வட சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திருட்டுப்போனது; மகன் நெதர்லாந்தில் வளர்கிறான் என்று நம்பிய பெற்றோர், பிற்பாடு அந்நாட்டு நீதிமன்றம் வரை போனார்கள். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது போலக் குழந்தையின் மூலத்தைக் காகிதத்தால் கழுவிவிடும் இந்த வேலையை ஸ்மோலின் பின்னாளில் தன் ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார்.

சட்டப் பேராசிரியருக்குச் சட்டக் கேள்வி எழுவது இயல்பு. அவருக்கு எழுந்த இன்னொரு கேள்வி விசுவாசியின் கேள்வி.

தத்தெடுக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளையிடம் பாசத்தோடு சொல்லப்படும் பேச்சு ஒன்று உண்டு: நீ எங்களிடம் வந்தது கர்த்தருடைய சித்தம். கேட்கிற குழந்தைக்கு அது ஆறுதல். தற்செயலாக வந்தவள் அல்ல, வேண்டி வந்தவள் என்கிற பெருமை. ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போனால் சங்கடம் வருகிறது. அலபாமா வந்தது தேவ சித்தம் என்றால், அம்மாவை விட்டுப் பிரிந்ததும் தேவ சித்தமா? ஒரு தெலுங்குக் கிராமத்துப் பெண் ஏமாற்றப்பட்டதும் அந்தத் திட்டத்தில் அடக்கமா? இல்லை என்றால், திட்டம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? விமான நிலையத்திலா?

இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் ஹாரி ஹோல்ட் என்ற விவசாயி இருந்தார்; மர வியாபாரமும் உண்டு. அவருக்கும் மனைவி பெர்த்தாவுக்கும் ஆறு பிள்ளைகள். 1954இல் பக்கத்து நகரில் கொரியப் போர் அனாதைகளைப் பற்றிய படம் ஒன்றைத் திரையிட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொரியப் பெண்களிடம் பிறந்து, அங்கே யாருக்கும் வேண்டாதவர்களாகிப்போன பிள்ளைகளை அதில் பார்த்த ஹோல்ட் தம்பதியால் தூங்க முடியவில்லை. எட்டுப் பேரைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். அப்போதைய சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்தான். 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் இவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. கொரியா போகும் வழியில் ஜப்பானில் ஓட்டல் அறையில் ஹாரி ஓர் அடையாளம் கேட்டு ஜெபித்து வேதாகமத்தைத் திறந்தாராம். விரல் ஏசாயா 43ஆம் அதிகாரத்தில் நின்றதாம். இஸ்ரவேலின் சந்ததியைக் கிழக்கிலிருந்து வரப்பண்ணுவதாகக் கடவுள் வாக்களிக்கும் இடம் அது. பெர்த்தா எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘கிழக்கிலிருந்து வந்த வித்து’.

ஹாரியின் மனசாட்சியைச் சந்தேகிக்க இடமில்லை. இதய நோயாளியான அவர் அந்தப் பிள்ளைகளுக்காகவே அலைந்து 1964இல் கொரிய மண்ணிலேயே இறந்தார். ஆனால் அந்த ஏசாயா அதிகாரம் நாடு கடத்தப்பட்ட பிள்ளைகள் சொந்த வீடு திரும்புவதைப் பற்றியது. சொந்த வீட்டிலிருந்து புறப்படுவதைப் பற்றியது அல்ல. ஓரிகனில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஹோல்ட் திறந்த கதவு வழியாகப் பின்பு வந்தவர்கள் எல்லோரும் போர் அனாதைகள் அல்ல. மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள், ஏழை வீட்டு நான்காவது பெண்கள், வழிதவறிப் போனவர்கள் எல்லாம் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். கொரியாவில் குடும்பப் பதிவேட்டில் இடமில்லாதவருக்குச் சமூகத்திலும் இடமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் குழந்தைக்கோ தனியாக ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அதில் அந்தக் குழந்தை ஒருத்திதான் குடும்பம். அப்பா அம்மா இருக்க வேண்டிய இடம் காலி. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே சட்டம் அவளை அனாதையாக்கிவிடும். 1980களின் நடுவில் ஆண்டுக்கு 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் விமானம் ஏறினார்கள். மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அவர்களில் ஒருவர் டியான் போர்ஷே லீம். 1966இல், எட்டு வயதில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரத்துக் குடும்பத்துக்கு ‘சா ஜங் ஹீ’ என்ற பெயரில் வந்தவர். அந்தக் குடும்பம் கொரிய இல்லமொன்றிலிருந்த சா ஜங் ஹீ என்ற சிறுமிக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, பிறகு அவளையே தத்தெடுக்க விரும்பியது. அதற்குள் அந்தச் சிறுமியை அவள் அப்பா வந்து அழைத்துப்போய்விட்டார். இல்லம் வேறொரு பெண்ணை அதே பெயரில், அதே காகிதத்தில் அனுப்பி வைத்தது. அவளுடைய உண்மைப் பெயர் காங் ஓக் ஜின். அம்மா, அண்ணன், அக்காமார் எல்லோரும் இருந்தார்கள். உண்மையைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொஞ்சம் ஆங்கிலம் வந்ததும் நான் அவள் இல்லை என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். கெட்ட கனவு கண்டிருப்பாய் என்று சமாதானப்படுத்திவிட்டார்கள்.

வளர்ந்து திரைப்பட இயக்குநரான பின், 2000இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்’ என்ற ஆவணப்படத்தில் தன் இரு குடும்பங்களையும் கொரியாவில் ஒரே அறையில் உட்கார வைத்தார். அந்தப் படத்தில் அமெரிக்க அக்கா விமான நிலையத்து நாளை நினைவுகூர்கிறார்: அம்மா முதலில் வேறொரு குழந்தையைப் போய்க் கட்டிக்கொண்டாராம், பெயர்ச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். அதனால் ஒன்றும் இல்லை, வந்தவர்களில் ஒருத்தி நம்முடையவள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பில் துளி வஞ்சகம் இல்லை. பார்க்கிறவருக்குத்தான் அடிவயிறு கலங்குகிறது.

மறுபடி வேதத்துக்கு வருவோம். ஸ்மோலின் 2012இல் எழுதிய நீண்ட கட்டுரையில் தன் சொந்தச் சபை மக்களோடுதான் வாதாடுகிறார். அப்போது அமெரிக்கச் சுவிசேஷச் சபைகளில் தத்து ஓர் இயக்கமாகியிருந்தது. ரஷ்யாவிலிருந்து இரண்டு பையன்களைத் தத்தெடுத்த இறையியலாளர் ரஸ்ஸல் மூர் 2009இல் எழுதிய புத்தகம் அதற்கு உரமிட்டது. தேவன் நம்மைத் தத்தெடுத்தார், நாமும் தத்தெடுப்போம் என்பது வாதம். ஆதாரம் பவுல்: ரோமர், கலாத்தியர், எபேசியர் நிருபங்களில் ஐந்து இடங்களில் வரும் புத்திரசுவிகாரம். ஸ்மோலினின் பதில்: பவுல் காலத்து ரோமாபுரியில் சுவிகாரம் என்பது பெரும்பாலும் வாரிசுக்காக வளர்ந்த ஆண்களை எடுப்பது. அனாதைக் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஏற்பாடோ திக்கற்ற பிள்ளைகளைச் சொல்லும்போதெல்லாம் பெரும்பாலும் விதவையையும் சேர்த்தே சொல்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள். இருவரையும் சேர்த்துத் தாங்கு என்பதே கட்டளை.

வேதாகமக் கதைகளைப் புரட்டினால் இது இன்னும் துலங்கும். இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் ஓடி வருகிறாள். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா அந்தப் பையன்களை நான் வளர்க்கிறேன் என்று அழைத்துப்போகவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை வாங்கி வரச் சொல்கிறார். பையன்களே எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்ற ஊற்ற எண்ணெய் நிறைகிறது. விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார். சாறிபாத்தில் எலியாவும் நாயீனில் இயேசுவும் செத்த மகனை எழுப்பியபோது, அவனை அவன் தாயிடமே ஒப்படைத்தார்கள்.

எதிர்த்தரப்புக்கும் பலமான கதை ஒன்று இருக்கிறது: யோசேப்பு. அண்ணன்மார் வெளிநாட்டு வியாபாரிகளிடம் விற்றுவிட்ட பையன் எகிப்தில் உயர்ந்து, பஞ்சத்தில் அந்த அண்ணன்மாருக்கே சோறு போடுகிறான். நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக மாற்றினார் என்கிறான். தீமை வழியாகவும் தெய்வ சித்தம் நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் அதைச் சொன்னவன் யார்? விற்கப்பட்டவன். வாங்கிய இஸ்மவேலர் அப்படிச் சொல்லவில்லை. விலைக்கு எடுத்த போத்திபாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது விசுவாசம் ஆகியிருக்காது, சாக்கு ஆகியிருக்கும். தேவ சித்தம் என்ற பேச்சைப் பெற்றுக்கொண்டவர் எடுப்பதற்கும் இழந்தவர் எடுப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த விவாதத்தில் பெரும்பாலோர் அளந்து பார்ப்பதில்லை.

இஸ்லாம் இந்த முடிச்சை வேறு விதமாகப் போட்டது. சிறுவயதில் கடத்தி விற்கப்பட்ட ஸைத், நபிகளின் வீட்டில் வளர்ந்தவர். தந்தை ஹாரிஸா தேடிக்கொண்டு மக்காவுக்கே வந்தபோதும் ஸைத் நபிகளுடன் இருப்பதையே தேர்ந்தார். ஸைத் இப்னு முஹம்மது என்று அழைக்கப்பட்டார். பின்னர் அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனம் வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கச் சொன்னது. அவர் மறுபடி ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். வளர்க்கலாம், ஊட்டலாம், படிக்க வைக்கலாம்; வம்சப் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. கஃபாலா எனப்படும் இந்த முறையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை பெயர் சொல்லியே ஏற்கிறது. முழு மகன் என்ற உரிமை கிடைக்கவில்லையே என்ற குறை அதில் உண்டு. ஆனால் காங் ஓக் ஜின்னுக்கு நேர்ந்தது அந்த முறையில் நேர்வது கடினம்.

இந்து மரபில் தத்து என்பது பெரும்பாலும் பெற்றோரின் தேவை: எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு மகன் வேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மரபைச் சீர்திருத்தி, பிறந்த வீட்டுத் தொடர்பைத் தத்தெடுத்த நாளிலிருந்தே அறுத்துவிடுகிறது. ஒன்றை மட்டும் அறுக்கவில்லை. பிறந்த வீட்டு உறவில் யாரை மணக்கக் கூடாதோ, தத்துப் போன பிறகும் அவரை மணக்கக் கூடாது. எல்லா நூலையும் வெட்டிய சட்டம் ரத்தத்தின் முன் கொஞ்சம் தயங்கி நின்றிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, வெளிநாட்டுத் தத்தே வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. சௌசெஸ்கு ஆட்சிக்குப் பிறகும் ருமேனிய அனாதை இல்லங்களில் கிடந்த குழந்தைகளை சார்லஸ் நெல்சன் முதலியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இரண்டு வயதுக்குள் ஏதாவதொரு குடும்பத்தின் மடிக்குப் போன குழந்தைகள் தேறினார்கள். இல்லத்திலேயே கிடந்தவர்களின் அறிவும் மனமும் பின்தங்கின. கதவை மூடினால் யாரும் தேடி வராத குழந்தை, முக்கியமாக ஊனமுள்ள குழந்தை, உள்ளேயே கிடக்கும். கதவு வேகமாக மூடிக்கொண்டும் வருகிறது. 2004இல் 22,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்து வந்தார்கள். 2023இல் சுமார் 1,300. சீனா 2024இல் அநேகமாக நிறுத்திவிட்டது. கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில், தன்னிடம் முறையிட்ட 367 பேரில் 56 பேரின் உரிமைகள் மீறப்பட்டதாக அறிவித்து, அரசு மன்னிப்புக் கேட்கப் பரிந்துரைத்தது. பொய்யான அனாதைப் பதிவும் ஆள்மாறாட்டமும் அந்த அறிக்கையில் இருக்கின்றன.

ஸ்மோலினும் தத்தைப் பாவம் என்று சொல்லவில்லை. 2007இல் வெளியான கட்டுரையில் அவர் கேட்பது வரிசை மாற்றம்தான்: வறுமையால் பிள்ளையைத் தர வரும் தாய்க்கு, பிள்ளையை வைத்துக்கொள்ள உதவி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும்; அதன் பிறகே பத்திரம். ஒரு தத்துக்கு மேற்கத்தியக் குடும்பம் பல ஆயிரம் டாலர் செலவழிக்கிறது. அந்தத் தாய்க்குப் போதுமானது அதில் ஒரு சிறு துண்டு. 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்து உடன்படிக்கையும் தன் முகவுரையில் பிள்ளை பிறந்த குடும்பத்திலேயே வளர நாடுகள் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. அந்த உதவிக்கான பணத்தை யார் கொடுப்பது என்று சொல்லும் சரத்து எதுவும் உடன்படிக்கையில் இல்லை.