உயிலும் தர்மமும்

முதுமையில் மனிதனை வாட்டும் கவலைகளுள், இன்னும் எத்தனை காலம் இருப்போம் என்பதைவிட, இருந்து சேர்த்ததை யாரிடம், எவ்வாறு விட்டுச் செல்வது என்பதே பெரிது. பிள்ளைகளுக்கு உரியதைக் கொடுத்தபின் ஒரு பங்கு ஊருக்கும் போகவேண்டும் என்ற சங்கற்பம் நம்மவரில் பலருக்கு உண்டு. ஆனால் அது பேச்சோடு நின்றுவிடுகிறது, அல்லது நோய்ப்படுக்கையில் அவசரமாக எழுதப்படும் உயிலில் ஒரு வரியாக ஒடுங்கிவிடுகிறது.

துபாஷியாயிருந்து பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794-இல் இறுதி நெருங்கிய வேளையில், தம் ஆஸ்தியைத் தர்ம கைங்கரியங்களுக்கென்று எழுதிவைத்தார். அவர் உள்ளத்தில் குறையில்லை. எனினும் அத்திரவியம் வழக்குகளில் சிக்கிப் பல்லாண்டு முடங்கிக் கிடந்து, நீதிமன்றம் தலையிட்டு ஏற்பாடு செய்த பிறகே, 1842-இல் சென்னையில் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. நடந்திருக்க வேண்டிய அறங்களைக் காணாமலே ஒரு தலைமுறை கடந்துபோயிற்று என்பதை நினைக்க என் நெஞ்சு பொறுக்கவில்லை. காரைக்குடியில் 1947-இல் கல்லூரி கண்ட அழகப்பச் செட்டியாரோ, 50 வயது நிரம்புமுன்னே 1957-இல் மறைந்தாரெனினும், தம் பொருள் கல்விச்சாலைகளாய் நிற்பதைக் கண்ணாரக் கண்டவர்.

ஆயினும் சாமானியர் அனைத்தையும் கொடுத்துவிடலாகாது. வீட்டைத் தான செட்டில்மெண்டாக எழுதிப் பதிந்துவிட்டால், நினைத்தபோது திரும்பப் பெற இயலாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பத்திரத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் ரத்துச் செய்ய 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழிவகுக்கிறது என்பது உண்மையே. ஆனால் பெற்ற பிள்ளைமீது மனு எழுதிக்கொண்டு தள்ளாத வயதில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது எவருக்கும் வரவேண்டாத துயரம். உயிலோ, புத்தி சுவாதீனம் உள்ளவரை மாற்றத்தக்கது; சாட்சிகள் இருவர் கையொப்பமிட்டால் செல்லுபடியாகும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவைப்பதே விவேகம். ஆகவே குடியிருக்கும் கூரையை உயிலுக்கு விட்டு, கையில் மிஞ்சும் ரொக்கத்தை வாழும்போதே வழங்குவதுதான் உசிதம் என்பது என் துணிபு.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதைத்தான் செய்தார். பத்திர எழுத்தர், “பிறர் தூண்டுதலின்றி, பூரண நினைவுடன்” என்று தொடங்கி, வீடு தம்பி மகளுக்கு என்பதை வாசித்து முடித்து, பள்ளிக்கு என்றிருந்த தொகைக்கு வந்ததும் அம்மையார் இடைமறித்தார்:

“அதை மட்டும் எடுத்துடுங்க தம்பி. வர்ற ஜூன்லயே கொடுத்துடறேன். புஸ்தகம் வாங்கற பசங்க முகத்தை நான் பார்க்கணும்.”

வரியை அடித்துத் திருத்துவது பிற்காலத்தில் சந்தேகத்துக்கு இடமாகும் என்று எழுத்தர் புதிய தாளில் முழுவதையும் மீண்டும் எழுதினார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மைவிட மிக இளையவரான பழைய மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்த அம்மையார், பதிவு முடிந்ததும் அதன் நகலை அவரிடமும் தம்பி மகளிடமும் அன்றைக்கே கொடுத்துவிட்டார்.